பதினைந்து நொடிப் பச்சை

நான் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தொடங்கி மறுநாள் காலை சாயா குடிக்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். கத்தி, விஷம் என்று பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கரப்பான் பூச்சியை அடிக்கவே எனக்கு இரண்டு செருப்பும் மனைவியின் துணையும் வேண்டும். நான் கொன்றதாக நம்பியது ஒரு வகுத்தல் கணக்கால். பதினெட்டை ஒன்று புள்ளி இரண்டால் வகுத்தால் பதினைந்து. அந்தப் பதினைந்துதான் ஆயுதம்.

நான் போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியர். நாஞ்சில் நாட்டில் இதை யாரிடமும் ஒரே தடவையில் சொல்லிப் புரியவைக்க முடியாது. "ஓ, பஸ் டெப்போவா?" என்பார்கள். இல்லை என்றால், "ரோடு காண்ட்ராக்டாக்கும்" என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, என் வீட்டு மாடியின் உயரத்தை ஒருமுறை பார்ப்பார்கள். கல்யாண வீடுகளில் இலை போட்ட பிறகு தப்பிக்க வழியில்லாத நேரம் பார்த்து, "எங்க வீட்டு முன்னால ஒரு குழி கெடக்கே, சாரு ஒண்ணு பாக்கப்படாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவியலில் கையை வைத்துக்கொண்டு நான் அந்தக் குழிக்கு இரங்கல் தெரிவிப்பேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் வண்டிகளைத்தான் எண்ணினேன். ஆரல்வாய்மொழியில் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பஸ், லாரி, பைக் என்று தனித்தனிக் கட்டங்களில் கோடு கிழிப்பது. அந்த ஊர்க் காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தாளின் மேல் கல் வைக்க மறந்தேன். ஒரு முழுக் காலையின் போக்குவரத்து, பக்கத்துத் தோட்டத்து முள்வேலியைத் தாண்டிப் போயிற்று. பிறகு காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டி ஒன்று வந்து, திரும்ப முடியாமல் முக்கால் மணி நேரம் சாலையை அடைத்து நின்றது. அதை ஒரு வண்டி என்று எழுதுவதா, ஒரு ரயில் என்று எழுதுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கே வண்டிகளை விட்டுவிட்டு மனிதர்களுக்கு மாறினேன். நடப்பவர்கள், சாலையைக் கடப்பவர்கள். அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், எப்போது துணிந்து காலை வைப்பார்கள், எவ்வளவு வேகத்தில் போவார்கள் என்பதே பிறகு என் முனைவர் பட்டம், என் கட்டுரைகள், என் சம்பளம் எல்லாம்.

அப்படி நான் ஆராய்ந்த ஒரு ஜங்ஷன் நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகும் சாலை ஒன்றில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரு பக்கம் பஸ் நிறுத்தமும் பழைய சர்ச்சும். எதிர்ப்பக்கம் கடைகள். நடுவில் பதினெட்டு மீட்டர் அகலச் சாலை, அதற்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு, ஆள் கடக்க இடைவெளி விட்ட ஒரு சிமெண்டுத் திட்டு. எதிரே இருந்த கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் கேமரா வைத்து நாட்கணக்கில் படம் பிடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் இந்த ஓரத்தில் கால் வைத்த நேரம், அந்த ஓரத்தில் ஏறிய நேரம் என்று ஒரு பட்டியல் போட்டேன். சராசரி அழகாக வந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே வேகம், நொடிக்கு ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். புத்தகமும் ஊரும் ஒத்துப்போனால் பேராசிரியனுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது வரன் ஜாதகம் பொருந்திய வீட்டில்கூட இருக்காது. கட்டுரை வெளியானது. அங்கே சிக்னல் வைக்கப் போகிறோம் என்று ஓர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நடப்பவர்களுக்குப் பதினைந்து நொடிப் பச்சை போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிக்னல் வந்தது. பேப்பரில் என் படத்தோடு நாலு வரி வந்தது. அதைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, துறை அறையில் என் தலைக்கு நேர் மேலே மாட்டினேன். பார்க்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும் என் முகம்.

வீட்டிலும் அதற்கு 'உங்க சிக்னல்' என்றுதான் பெயர். மனைவி பள்ளிக்கூட டீச்சர். அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போய்வருகிறாள். பஸ் அங்கே சிவப்பில் நின்றால் அன்று சாயங்காலம் எனக்குக் காப்பி தாமதமாகும்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள் பள்ளி. மதியம் போன் வந்தது.

"கேட்டேளா, உங்க சிக்னல்ல ஒரு பெண்ணாளு அடிபட்டு நடு ரோட்டுல கெடக்குண்ணு பஸ்ஸுல பேசிக்கிட்டாவ. ஒரே கூட்டம். எங்க பஸ்ஸ வேற வழியா திருப்பி விட்டுட்டான்."

"உயிர் இருக்கா?"

"அத நான் எப்படி பாக்க? சன்னல்ல எட்டிப் பாத்தா தலைதான் தெரியுது. கூட்டத்துத் தலை. சோறு மேசையில மூடி வச்சிருப்பேன்."

போனை வைத்தேன். முதலில் நான் செய்த காரியம், எழுந்து அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளியது. அடிபட்டவர் யார், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆனால் வரிசை அதுதான்: முதலில் சட்டம், இரண்டாவது போனை அணைத்தது, மூன்றாவது கழிவறை.

பிறகு கம்ப்யூட்டரில் 'பேராசிரியர் கைது' என்று தட்டித் தேடினேன். வந்தவை எல்லாம் வேறு வகைக் குற்றங்கள். வகுத்தலுக்காக யாரையும் பிடித்ததாகத் தெரியவில்லை. நானே முதல் ஆளாக இருப்பேனோ என்று நினைத்தபோது, அந்தக் கலக்கத்துக்கு நடுவிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அதற்காகவே என்னை இரண்டு நாள் உள்ளே வைக்கலாம். சிறையில் நாற்காலி கொடுப்பார்களா? எனக்கு முதுகுவலி உண்டு, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். ஒரு வாக்குமூலம் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே 'மேற்கோள்கள்' என்று தலைப்பிட்டு என் பழைய கட்டுரைகளைப் பட்டியலிட ஆரம்பித்திருந்தேன்.

பக்கத்து அறைக்காரன் என்னோடு ஒன்றாக வேலையில் சேர்ந்தவன், கட்டிடப் பொறியியல். எட்டிப் பார்த்தான்.

"என்ன மக்கா, மொகம் சுண்ணாம்படிச்ச மாதிரி இருக்கு. சாப்பிட்டியா?"

"கேஸ்."

"போலீஸ் கேஸா, வயித்து கேஸா?"

அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். ஆனால் அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "ஏலே, சும்மா கேட்டேன்லா, எதுக்கு இப்பிடி எழும்புத?" என்று அவனே பயந்துபோய்ப் போய்விட்டான்.

வீட்டுக்குப் போக அந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் தாண்டவில்லை. சுசீந்திரம் பக்கமாக, வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலையில் சுற்றிப் போனேன். அங்கே ஓர் அறுவடை இயந்திரம் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரம் விட இடமில்லை. அதன் பின்னாலேயே, கல்லறைக்குப் போகும் ஊர்வலம் போல, தலையில் வைக்கோல் தூசி விழ ஆமை வேகத்தில் வீடு போய்ச் சேர்ந்தேன். சோறு இறங்கவில்லை. மனைவி சாளை மீன் பொரித்து வைத்திருந்தாள். அதையும் தொடாததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் பெரிது என்று பட்டது.

"உங்களுக்கு இதுல என்ன? லைட்டு எரியலியா? எரிஞ்சுது. பிறகென்ன இந்தப் பயமும் வெப்ராளமும்?"

மீன் தட்டை மூடி வைத்தேன். அவளிடமும் அப்போது ஒரு விஷயத்தை மறைத்தேன். என்னைப் பிடித்து ஆட்டியது போலீஸ் பயம் மட்டுமல்ல. என் பட்டியலில் நான் அழித்த சில வரிகள் இருந்தன. அவை எனக்கு நன்றாக நினைவிருந்தன.

மறுநாள் காலை வாசகசாலையில் எல்லாப் பேப்பரையும் புரட்டினேன். ஒன்றிலும் செய்தி இல்லை. சாதாரண மனிதன் நிம்மதியடைந்திருப்பான். நான், செய்தியை யாரோ அமுக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். பிறகு முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நேராக அந்த ஜங்ஷனுக்குப் போய், சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயா வந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி, அந்தச் சந்தின் வழியாக கிளாசைச் சாய்த்தேன். பாதி சட்டையில் போயிற்று.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, அத கழத்திட்டுக் குடியுங்க. ஆளு தெரியப்படாதுண்ணா, வண்டியில காலேஜ் ஸ்டிக்கரு ஒட்டியிருக்குல்லா."

கழற்றினேன். பெஞ்சிலிருந்த இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

"நேத்து இங்க ஒருத்தங்க அடிபட்டு…" என்று ஆரம்பித்தேன்.

"யாரு அடிபட்டா? ஓ, அதுவா. நம்ம தையக்காரி நடுத்திட்டுல உக்காந்திருந்தா. புதுசா ஒரு பைக்காரன் வந்தான். ரோட்டு நடுவுல ஆளு உக்காந்திருக்கத பாத்து பேடிச்சு பிரேக்க பிடிச்சான். அவன்தான் விழுந்தான். முட்டுக்கை தோலு கொஞ்சம் போச்சு. நாந்தான் ஐஸ் வச்சேன். அவன எழுப்பி விட்டது அவளாக்கும்."

பெஞ்சிலிருந்த எல்லோருக்கும் பழபஜ்ஜி சொன்னேன். ஏன் என்று ஒருவர் கேட்டார். பிறந்தநாள் என்றேன். கடைக்காரர் பஜ்ஜியைத் தட்டில் வைத்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார்.

"அவ டெய்லி அங்க உக்காருவா. போலியோ காலுல்லா, பைய தான் நடப்பா. சாரு போட்ட பச்ச அவளுக்குப் பாதி ரோட்டுக்குத்தான் காணும். நடுவுல உக்காந்து அடுத்த பச்சைக்குக் காப்பா. வெயிலு மழை எல்லாம் அங்கதான். நாங்க அவகிட்ட சொல்லுவோம், ஏட்டி, ஒரு மிஷின அங்கயே தூக்கிப் போட்டா நாலு ஜாக்கெட்டு அடிச்சிரலாமேண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன்.

சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை. இருந்தும் துறைக்குப் போய் அந்தப் பழைய படங்களைத் திறந்தேன். பட்டியலில் நான் அழித்தவை பத்தொன்பது வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தேன், கையெழுத்துப் பயிற்சி நோட்டு மாதிரி அத்தனை ஒழுங்காக: 'வண்டி நின்று வழிவிட்டது. நீக்குக.' அதில் ஐந்து வரிகள் ஒரே பெண். நீலச் சேலை, பச்சைச் சேலை, மறுபடி நீலம். ஓரத்தில் வந்து நிற்கிறாள். பஸ் வருகிறது. டிரைவர் நிறுத்தி, கையை வெளியே நீட்டி, பின்னால் வரும் வண்டிகளையும் நிற்கச் சொல்கிறார். அவள் ஒரு கையால் தொடையை ஊன்றிக்கொண்டு, நின்று, நடந்து, நின்று, முழுச் சாலையையும் நடுவில் உட்காராமல் ஒரே தடவையில் கடக்கிறாள். கடந்ததும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுகிறாள். பஸ் போகிறது.

ஒருவர் இயல்பாக எவ்வளவு வேகத்தில் நடப்பார் என்று அளக்க வேண்டுமானால், வண்டி நின்று வழிவிட்டவர்களை நீக்கலாம், அது விதிதான். ஆனால் பச்சை எத்தனை நொடி எரிய வேண்டும் என்று கணக்கிட, மெதுவாக நடப்பவர்கள்தான் முதலில் வேண்டும். இந்த வித்தியாசத்தை எழுதாத மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு நான் ஐந்து மதிப்பெண் குறைப்பேன். எனக்குத் தெரியாமல் நடந்ததும் அல்ல. பத்தொன்பது வரிகளையும் சேர்த்துப் பார்த்தபோது சராசரி கோணிக்கொண்டு நின்றது, புத்தகத்தோடு ஒட்டவில்லை. எடுத்தேன், ஒட்டியது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

திங்கட்கிழமை, தைக்கக் கொடுக்கும் சாக்கில் ஒரு பேண்டை மடித்து எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. ஊசியை எடுக்காமலே பேண்டை வாங்கி விரித்தாள்.

"இடுப்பு எவ்வளவு விடணும்?"

"நீங்களே பார்த்து…"

"பாத்து எப்படி சொல்ல? அளவு எடுக்காம தைச்சவன் யாரு இத? ஆளப் பாக்காம கடையில தூக்கிட்டு வந்ததா?"

குத்துகிறாள் என்று நினைத்து முகம் வியர்த்தது. அவள் பேண்டைத்தான் சொன்னாள். நாடாவை என் இடுப்பில் சுற்றி, எண்ணைப் பார்த்து, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் நோட்டில் குறித்தாள்.

"சாருதான இந்த சிக்னல் போட்டது? பேப்பர்ல பாத்தேன். படத்துல இன்னும் கொஞ்சம் வெளுப்பா இருந்தீங்க."

அப்போது போனை எடுத்து, அதில் ஏற்றி வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அவள் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்தாள். முகம் மலர்ந்தது.

"தள்ளே! இது நானுல்லா! அந்த நீலச் சேலை இப்பம் தலகாணி உறையா கெடக்கு. இவரு நம்ம காலம்பறப் பஸ்ஸு டிரைவரண்ணன். நான் வரல்லேண்ணா கண்டக்டருகிட்ட கேப்பாராம், தையக்காரிக்கு மேலு சரியில்லையாண்ணு. இப்பமும் அவருதான் ஓட்டுகாரு. ஆனா அவருக்குப் பச்சை கெடக்கும்போ எப்படி நிப்பாட்ட? பின்னால உள்ளவன் ஆரன் அடிச்சே கொன்னுருவான். போகும்போ கைய மட்டும் காட்டுவாரு." படத்தைத் திரும்ப ஓடவிட்டாள். "இத எதுக்கு எடுத்தீங்க?"

"ஆளுங்க கடக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்கெடுக்க."

"அப்பம் என் கணக்கும் இருக்குமே."

"இல்ல. உங்கள எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"பஸ் நின்னு வழி விட்டுதுல்லா. அப்படிக் கடக்கிறவங்கள சேர்க்கிறதில்ல."

அவள் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகத்தோடு கேட்டாள்.

"பிறகு நான் எப்படி கடக்கணும் சாரே?"

என் வாழ்நாளில் எந்தக் கருத்தரங்கிலும் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டதில்லை. நான் வழக்கம்போல ஒரு தமாஷ் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன், அவ்வளவு மோசம். அவள் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நல்ல காலால் மட்டும்.

போனைப் பையில் போட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில் நீங்க கடக்கிறப்ப நான் நேரம் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பாருங்க. எட்டரைக்கு பஸ்ஸு. பைக்காரன் மாதிரி விழுந்துராதீங்க."

மறுநாள், பணியிலிருந்த போலீஸ்காரரிடம் கெஞ்சி ஒருமுறை மட்டும் எல்லாப் பக்கமும் நிறுத்தச் சொன்னேன். அவள் நின்று, நடந்து, நின்று, முழுச் சாலையும் கடக்க இருபத்தாறு நொடிகள் ஆயின. என் பச்சை பதினைந்து. மிச்சம் பதினொரு நொடி என் கணக்கில் இல்லை. சிக்னல் வந்த நாள் முதல், போகவும் வரவும், தினமும் அந்தச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து அதை அவள் கடன் போலக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றே ஒரு கடிதம் எழுதினேன். 'என் ஆய்வில் பிழை நேர்ந்துள்ளது. பச்சை இருபத்தெட்டு நொடியாக உயர்த்தப்பட வேண்டும்.' எழுதிவிட்டு அந்த முதல் வரியைப் பலமுறை வாசித்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேறு மாதிரி மாற்றாமல் உறையில் போட்டேன். அந்த அலுவலகத்தில் என் கையெழுத்தை வாங்கிய அதே பொறியாளர்தான் இருந்தார். என் பழைய மாணவர் வயதுதான் இருக்கும். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், பிழைண்ணு எழுதினா ஃபைலு மேல போவும். விளக்கம் கேப்பாங்க. புதுசா ஆய்வு செய்யணும்பாங்க. எப்பம் திரும்பி வருமுண்ணு சொல்ல முடியாது. பொதுமக்கள் கோரிக்கைண்ணு ஒரு வரி போட்டுக் குடுங்க, இங்கயே முடிச்சிருவேன்."

அவர் சொன்னது சரிதான். அவளுக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கை அந்த வெள்ளைத் தாளை வாங்கிய வேகத்தை நான் பார்த்தேன். அவளுக்காக என்றால் கை அவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

முதல் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புதுத் தாளில் கோரிக்கை வைத்தவர் பெயர் என்ற இடம் வந்தது. தையல் கடையின் பலகையில் இருந்த பெயரை எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை.

அந்த வாரமே பச்சை இருபத்தெட்டு நொடியாயிற்று. கட்டுரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதில் அந்தப் பத்தொன்பது வரிகள் இல்லை.